மூணு நாள் துடைத்த புயல்

எங்க வானாய்வு மையத்துல சனிக்கிரகத்தோட படத்தைத் துடைக்கிற வேலை கண்ணாடியக்காவுக்கு. பத்தொன்பது வருஷமா அதே நாற்காலி. தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடி வச்சிருப்பாங்க, எப்பவும் தப்பானதுதான் மூக்குல இருக்கும். தொலைநோக்கி எடுத்த படங்கள்ல வெள்ளையா பொய்ப்புள்ளிங்க விழும். அதையெல்லாம் தேடித் தேடி அழிக்கணும், ஒரு நாளைக்கு நாப்பது படம். "எல்லாரையும் சனி பிடிக்கும், நான்தான் சனியைப் பிடிச்சுத் தொடைக்கிறேன்"னு சலிச்சுக்குவாங்க. பக்கத்து நாற்காலில வியாழன் படங்களோட நான். வானத்து அதிசயமெல்லாம் பாக்கறவங்களுக்கு, எங்களுக்கு இடுப்பு வலி.

சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். துடைக்கிறதுக்கு முன்னாடி முந்தின நாள் மூலப் படத்தை, அதாவது யாரும் கை வைக்காத படத்தை, திறந்து பாக்கணும். அங்கேயும் அந்தப் புள்ளி இருந்தா அது நிஜம், கை வைக்கக் கூடாது. மூலப் படம் திறக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அசதில அக்கா, தான் ஏற்கெனவே துடைச்சு வச்ச படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. துடைச்ச படத்துல புள்ளி எப்படி இருக்கும்? ஒரே புள்ளியைப் புதுசுன்னு நெனச்சு மூணு நாள் அழிச்சுட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவோட கை அப்படியே நின்னுது. புள்ளி வளந்து, கொட்டின பால் மாதிரி பின்னாடி இழுபட்டிருந்துது. முந்தின மூணு நாள் மூலப் படங்களைத் திறந்தா எல்லாத்துலேயும் இருக்கு, நாளுக்கு நாள் பெருசா. புயல். நம்ம பூமியை உள்ள போட்டா தேடித்தான் எடுக்கணும்.

"இதையா தொடைச்சேன்"னாங்க. முகம் செத்துப் போச்சு.

அது என்னிக்குப் பொறந்துதுன்னு காட்ட எங்ககிட்ட இருந்தது அந்த மூணு நாள் படங்கள்தான். இடம் பத்தாததால வெள்ளி அஞ்சு மணிக்கு அந்த வாரத்து மூலப் படமெல்லாம் தானா அழிஞ்சுடும். மணி நாலே முக்கால். அடுத்த மாசம் அக்காவோட வேலை நீட்டிப்பு வேற இருக்கு. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது.

"பேசாம இருங்கக்கா. இன்னிக்குப் படத்தை மட்டும் குடுங்க. மத்ததைக் கேக்க ஆளில்ல"ன்னேன்.

"புயல் இருக்கேடி."

"அது உங்களுக்குச் சோறு போடுமா?"

அக்கா முழங்காலைப் பிடிச்சுட்டு எழுந்து, மாடியேறி இயக்குநர் அறைக்குப் போனாங்க. அவர் அழிக்கிறதை நிறுத்தச் சொன்னப்போ மணி நாலு அம்பத்தெட்டு.

புயலோட பிறந்தநாள் சரியா பதிவாச்சு. இயக்குநர் அக்காவுக்கு நன்றி சொன்னார். கவனக்குறைவுன்னு எழுதி நீட்டிப்பையும் மறுத்துட்டார். கடைசி நாள் அக்கா சீக்கிரமே கெளம்பிட்டாங்க, எங்கிட்ட வழக்கம் போல "வரேன்டி"ன்னு மட்டும் சொன்னாங்க.

இப்போ சனியும் எனக்குத்தான். ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு நிமிஷம் காத்திருந்து மூலப் படத்தைப் பாக்கறேன். என்னைவிடக் கவனமான ஆள் இல்லைன்னு இயக்குநர் சொல்றார். அன்னிக்கு அந்த இடத்துல நான் இருந்திருந்தா அஞ்சு மணி வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது அக்காவுக்கும் தெரியும்.