தம்மம்பட்டி அடிவாரத்தில் நான் ஊதிய விசில்

சாமிக்கு அடித்துக்கொண்டிருந்த மேளத்தை விசில் ஊதி நிறுத்தினோம். ஊதியவன் நான்.

சேலம் சூரமங்கலம் ரயில்வே மைதானத்தில் காலையில் நடக்கும் பதினோரு பேர் நாங்கள். நான் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். உடற்பயிற்சியைப் புத்தகம் வாங்கி நானே கற்றேன். என் விசிலுக்குத்தான் மற்றவர்கள் குனிவார்கள், நிமிர்வார்கள், சிரிப்புப் பயிற்சியில் சிரிப்பார்கள். கொல்லிமலை அடிவாரத்து மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் அல்ல) அறுபது வயதிலும் அலுக்காமல் ஆடுகிறார்களே, அதைக் கற்றுவரலாம் என்று மாசியில் கூட்டிப்போனதும் நான்தான்.

மரவள்ளிக் கிழங்கு லோடோடு சேலம் வரும் வெள்ளையன் எனக்குப் பழக்கம். அவர்தான் அங்கே மேளக்காரர். ஊரில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். வெறும் வயிற்றோடு வரவேண்டும், செருப்புக் கூடாது, மேளம் தொடங்கினால் முடியும்வரை வட்டத்தை விட்டு விலகக் கூடாது. மூன்றையும் முன்கூட்டியே சொன்னார். நாங்கள் ஆத்தூரில் வேனை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம்.

ஆட்டம் சூடு பிடித்தபோது தங்கராசுவுக்கு மூச்சு வாங்கியது. பைபாஸ் செய்துகொண்ட ஆள். அவரை நிறுத்தியது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். பழக்கத்தில் விசிலை ஊதினேன். மேளம் நின்றது. அந்த ஊர்ப் பெண்கள் தூக்கிய கையை இறக்காமல் நின்றார்கள். நம் ஆட்கள் மட்டும் இடுப்பில் கை வைத்து, மைதானத்தில் செய்வதுபோல, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வெள்ளையன் கையிலிருந்து மேளத்தை ஊரார் வாங்கிவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். போன ஞாயிறு தனியாகப் போனேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணி பஸ். ஆத்தூர் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே மாறித் தம்மம்பட்டி. அடிவாரத்துக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய்.

"எந்த ஊருங்க?" என்றார் ஆட்டோக்காரர். சொன்னேன். திரும்பிப் பார்த்தார்.

"விசில் பார்ட்டியா? இன்னிக்கும் எடுத்தாந்திருக்கீங்களா?"

சட்டைப் பையில்தான் இருந்தது. கையால் பையை மூடிக்கொண்டேன்.

வெள்ளையன் கிழங்குக் காட்டில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஊதுனது உங்க வழக்கம்ங்க. அதக் கேட்டு நிறுத்துன கை என்னுது. அதுக்குத்தான் வாங்குனாங்க."

ஊர்ப் பெரியவரிடம் போய், குற்றம் என்னுடையது, அவருக்கு மேளத்தைக் கொடுங்கள் என்று வாதாடினேன். அவர் சிரித்தார்.

"உங்க மன்னிப்ப வச்சு மேளம் அடிக்க முடியுமாங்க? பாதியில நின்ன ஆட்டம் அது. நின்னவங்க அத்தன பேரும் வந்து முடிச்சுக் கொடுக்கணும். சித்திரை நோம்பிக்குள்ள முடிஞ்சா வெள்ளையன் அடிப்பான். இல்லீன்னா வேற ஆளுதான்."

"எங்களில் ஒருவருக்கு நெஞ்சு வியாதி."

"ஆட முடியலீன்னா தன் இடத்துல நிக்கட்டும் சாமி. போகாம நின்னாப் போதும்."

மைதானத்தில் சொன்னேன். பேரன் பிறந்தநாள் என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். "உடம்பைக் குறைக்கப் போனோம், இப்போ பரிகாரம் வேறயா?" என்றார் எங்கள் செயலாளர் சுந்தரம். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு நான் பழக்கியது.

இதுபோலப் போக நினைக்கும் வாசகர்களே, ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு கூட்டம் இறங்கும். கூப்பிட்டால் போங்கள். அங்கே ஆடுவது சாமிக்கு. உடம்புக்குக் கிடைப்பது அதன் கூடவே வருவது. பாதியில் போகவேண்டியிருந்தால் வட்டத்துக்கு வெளியிலேயே உட்காருங்கள்.

இனி எங்கள் பதினோரு பேருக்கு.

சுந்தரம் "மலைவாசி ஏரோபிக்ஸ்" என்று இணையத்தில் போட்ட அந்த ஆட்ட வீடியோவை இன்றே நீக்க வேண்டும்.

தங்கராசு டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். நாற்காலி நான் தூக்கி வருகிறேன்.

பிறந்தநாள்காரரும் வெயில்காரரும் மற்றவர்களும் பங்குனி கடைசி ஞாயிறு காலை ஐந்தரைக்கு வேனில் ஏற வேண்டும், வெறும் வயிற்றோடு. ஆத்தூரில் வண்டி நிற்காது.

நான் விசிலை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.

வெள்ளையன் அடிக்க வேண்டும். அவர் நிறுத்தும்வரை நாம் நிற்க வேண்டும்.