ஒத்தைக் கையால் திறக்கிற கூரை

சேதி வந்தபோது நான் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். நாகல்நகர் டீக்கடையில் வழக்கமான சபை கூடியிருந்தது. சிறுமலையிலிருந்து இறங்கிவந்த காட்டெருமையை நான் ஒருவனாக, கையில் ஒரு பன் ரொட்டியை மட்டும் ஏந்தி, பேசிச் சமாதானப்படுத்தித் திருப்பியனுப்பிய வரலாறு உச்சகட்டத்தில் இருந்தது. போன் அடித்தது. அக்கா மகள் தேன்மொழி.

"மாமா... அப்பா எந்திரிக்கல மாமா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, "கதிரேசன் மச்சான் போயிட்டாராம்" என்றேன். பெஞ்சில் சிரிப்பு நிற்கவில்லை. "எப்படி, எருமை முட்டியா?" என்று கேட்டார் ஒருவர். இன்னொரு முறை சொன்னேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். கிளாஸ்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வாழ்நாளெல்லாம் நான் அவிழ்த்துவிட்ட கதைகளுக்கு மொத்தத் தண்டனையும் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. மச்சான் செத்துப்போனதை நானே இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கதிரேசனை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் பத்து வார்த்தை பேசும் இடத்தில் அவர் அரை வார்த்தை பேசுவார். என் கதையைக் கேட்டு எவராவது வாயைப் பிளந்தால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாப்ள சொன்னத பத்தால வகுத்துக்கங்க" என்பார். என் பெருமைக்கு இந்தப் பூவுலகில் இருந்த ஒரே எதிரி அவர்தான். ஆனால் அவருடைய காரின் கூரையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தப் படைக்குத் தளபதி நான். ஆகவே அந்தக் கூரையின் சரித்திரத்தை எழுதும் பொறுப்பும் என் தலையில்தான் விழுகிறது.

அந்தக் கார் சோழர்கள் காலத்துக்குக் கொஞ்சம் முந்தியது. வகுத்துப் பார்த்தால், தேன்மொழியின் வயது. மச்சான் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் கோயில் விக்கிரகத்துக்கே பொறாமை வரும். அக்கா பார்வதி முன் சீட்டில் உட்கார, இருவரும் கொடைரோடு வரை போய் ரயில் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். யாரையும் ஏற்றிவிடவோ அழைத்துவரவோ போவதில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவார்கள்.

பிறகு அக்காவுக்கு இடுப்பில் வலி வந்தது. ஸ்கேன் எடுக்கக் குழாய் மாதிரி ஒரு எந்திரத்துக்குள் படுக்கவைத்தார்கள். மூக்குக்கு மேலேயே கூரை, அசையக் கூடாது, உள்ளே இடிஇடியென்று சத்தம். வெளியே வந்தவள் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி மெல்லக் குறைந்தது. பயம் மட்டும் குறையவில்லை. தலைக்கு மேல் நெருக்கமாக எது வந்தாலும் அவளுக்கு மூச்சு முட்டியது. காரில் ஏற்றினால் தெருமுனை தாண்டுவதற்குள் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தாள். ஆட்டோவும் அப்படித்தான், பஸ்ஸும் அப்படித்தான். பைக்கின் பின்னால் உட்கார இடுப்பு விடாது. "டிராக்டர்ல போவமாக்கா, மேல வானம்தான்" என்று நான் கேட்டதற்கு, "நான் என்ன நெல்லு மூட்டையாடா?" என்றாள். என் அக்கா, ஊரெல்லாம் காற்றாய்ச் சுற்றியவள், வாசல் கேட்டோடு நின்றுபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் தேன்மொழி நத்தத்தில் வீடு கட்டி முடித்தாள். பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். பேரப்பிள்ளையாக இருந்தால் தூக்கிவந்து காட்டிவிடலாம். வீட்டை எப்படித் தூக்கிவருவது? அக்கா செல்போனில் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஏன் அம்புட்டுச் சின்னதா இருக்கு?" என்றாள். "போன்ல அப்படித்தாம்மா தெரியும்" என்றாள் மகள். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து கேட்டருகே போய் நின்றாள். மச்சான் அவள் முதுகையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கார் கூரைய வெட்டணும்."

நான் சிரித்த சிரிப்பில் பழனி மலைப் படிகள் இரண்டு பெயர்ந்தன. "ஏன் மச்சான், நாலு சக்கரத்தையும் கழட்டிட்டா இன்னும் காத்தோட்டமா இருக்குமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அவர் அனுமதி வாங்கியது தனிப் புராணம். அதற்குள் நான் நுழைந்தால் இந்தப் பத்திரிகை பக்கம் தராது.

டிங்கர் கூரையின் முன்பாதியை வெட்டி எடுத்தார். கார் நடுவில் தொய்ந்துவிடாமல் வெட்டிய ஓரத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தார். மழைக்கும் வெயிலுக்கும் அந்தத் திறப்பின் மேல் வைத்து எடுக்கிற மாதிரி ஒரு பலகை வேண்டும். தகரத்தில் செய்தால் கனம். ஃபைபரில் செய்யலாம் என்று பேகம்பூருக்குப் போனோம். அங்கே ஷாஜகான் பாய், கல்யாண மண்டப வாசல்களில் தும்பிக்கை தூக்கி நிற்கிற ஃபைபர் யானைகள் செய்கிறவர். கார்க் கூரை அவருக்குப் புதுசு.

"அண்ணே, செஞ்சிரலாம். ஆனா யானைக்குக் கலக்குன சாம்பக் கலர்தான் கைவசம் இருக்கு" என்றார் பாய்.

"கலர் எதுன்னாலும் சரி பாய். வெயிட்டுதான் முக்கியம். அவ உள்ள உக்காந்துக்கிட்டு ஒத்தக் கையால தூக்கணும்."

"அக்கா எதுக்குண்ணே தூக்கணும்? நீங்க வெளிய நின்னு எடுத்து வச்சா போதாதா?"

மச்சான் அதற்குச் சொன்ன பதிலை என் வாயால் பெரிதாக்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை. "நான் திறந்துவிட்டா அது என் தயவு பாய். அவளே திறந்தாத்தான் பயம் போகும்" என்றார்.

முதலில் வந்த பலகை அழகாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, திறந்த கூரைக்குக் கீழே அக்காவை உட்காரவைத்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். பலகையை மெதுவாக மேலே வைத்தோம். உடனே அவள் கை மேலே போனது. ஒரு கை போதவில்லை. இரண்டாவது கையும் போனது. பலகை நகர்ந்தது, ஆனால் அதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. மச்சான் பலகையைத் தூக்கித் தரையில் வைத்தார். "இது ஆகாது" என்றார். நான் வேறு சும்மா இருக்காமல், "யானையில பாதிய அப்படியே வச்சு அனுப்பிட்டாரு பாய்" என்றேன். அக்கா அந்த நிலையிலும் சிரித்தாள். அதற்காகத்தான் நானும் பேசுகிறேன்.

இரண்டாவது பலகை அப்பளம் மாதிரி இருந்தது. அதற்கு வேறு வியாதி. பைபாஸில் சோதனை ஓட்டம் போனபோது காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கப் பார்த்தது. "பிடி மாப்ள!" என்று மச்சான் கத்த, நான் இரண்டு கையாலும் தொங்கினேன். கொஞ்ச தூரத்துக்கு என் கால்கள் காருக்குள்ளேயே இல்லை. கீழே வத்தலக்குண்டு தெரிந்தது. சரி, வகுத்துக்கொள்ளுங்கள். பாய் "கொஞ்சம் கனம் கூட்டிரலாம்ணே" என்றார். மச்சான் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கனம் கூடாது, பறக்கவும் கூடாது. கடைசியில் டிரங்குப் பெட்டிகளுக்குப் போடுகிற கொக்கிகளை உள்பக்கம் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைத்தார்கள். கம்பியை இழுத்தால் கொக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழன்றுவிடும்.

அன்றைக்கு அக்கா உள்ளே உட்கார்ந்து கம்பியை இழுத்து ஒத்தைக் கையால் தள்ளினாள். சாம்பல் பலகை சரிந்து, வெளியே நின்ற மச்சானின் கைக்கு வந்தது. "வைங்க" என்றாள். வைத்தார். தள்ளினாள். "வைங்க" என்றாள். தெருவே நின்று பார்த்தது. எனக்குத் தெரிந்து சாயங்காலம் வரை அவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இடையில் ஒரு தடவை, பலகை மேலே இருக்கும்போதே அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

பால் காய்ச்சுக்கு நத்தம் புறப்பட்டோம். நான் பின் சீட்டில், சீர்த் தட்டுகளுக்கு நடுவே ஒரு தட்டாக. கூரை திறந்திருந்தது. அக்கா முகத்தில் வெயில் பட, பட்டுச்சேலைத் தலைப்பு பறந்து என் வாயில் அடைத்தது. பாதி வழியில், மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. மச்சான் வண்டியைப் புளியமரத்தடிக்கு ஓட்டி நிறுத்தினார்.

"மாப்ள, பலகைய எடு."

பின்னால் பார்த்தேன். டிக்கியையும் பார்த்தேன். "எங்க மச்சான் வச்சீங்க?"

அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். விசேஷ வீட்டுக் கூட்டத்தில் எவனாவது பலகையைத் தூக்கிப் போய்விடுவான் என்று அதை வீட்டு ஹாலிலேயே, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு, உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்றால் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். கூரையைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றிவிட்டார். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றாள் அக்கா.

"நனையிறியேடி."

"நனைஞ்சா நனையட்டும். ஓட்டுங்க."

ஓட்டினார். இருவரும் தெப்பமாக நனைந்தார்கள். மழை அவள் முகத்தில் அடிக்க அடிக்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். மச்சான் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் எங்களை ஒரு மாட்டுவண்டி முந்தியது. இதை வகுக்க வேண்டாம்.

நத்தத்தில் தேன்மொழி ஓடிவந்து, "ஐயோ அம்மா! அப்பா, கூரை எங்கப்பா?" என்றாள்.

"வீட்ல பத்திரமா இருக்கு" என்றார் மச்சான், சட்டையைப் பிழிந்துகொண்டே. அக்கா சொட்டச் சொட்ட மகள் வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு அறையின் நடுவிலும் நின்று மேலே பார்த்தாள். "சின்னதா ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான், எனக்குச் சேதி வந்த அன்று, ஹாலில், கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அழவில்லை. பெட்டியின் மூடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஏலே, இத ஒத்தக் கையால தூக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நான் மூடியின் ஓரத்தில் ஒரு கை கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"திறங்க. அவருக்கு மூச்சு முட்டும்" என்றாள்.

"திறந்தா குளிர் போயிரும் பெரியம்மா" என்றார் யாரோ.

"போகட்டும்."

தேன்மொழி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மூடியைத் தூக்கினோம். நல்ல கனம். கொண்டுபோய், ஜன்னல் கம்பியில் பூட்டியிருந்த சாம்பல் பலகைக்குப் பக்கத்தில் சாத்தினோம். அதற்குப் பிறகு மூடவில்லை. அவரை எடுக்கிற நேரத்தைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்தோம். அதுவரை அக்கா அவருடைய சட்டைக் காலரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நண்பர்களே, மற்றதையெல்லாம் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தபடி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா அந்தப் பூட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். "இனிமே நீதான் ஓட்டணும்" என்றாள். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது இதுதான்: ஒரு சாவி, ஒரு டிரைவர் உத்தியோகம், பிறகு பொய் சொல்லி முடித்ததும் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருமென்று நின்று கேட்கிற பழக்கம். குரல் வருவதில்லை. டீக்கடையில் இப்போது நானே வகுத்துச் சொல்லிவிடுகிறேன். கதை நன்றாகவே இல்லை.

நேற்று நத்தத்துக்குக் கிளம்பினோம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பலகையை ஹாலுக்குள் கொண்டுபோய், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.