நூலகச் சுவரில் என் சாரம்

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் பின்னேரம் நான்கு மணி என்றால் இஞ்சித் தேநீரும் தொலைக்காட்சியில் பழஞ்சாமான் நிகழ்ச்சியும். இரண்டு பேர் காரில் ஊர் ஊராகப் போய், சந்தைகளிலும் ஏல மண்டபங்களிலும் பழைய பீங்கான், மணிக்கூடு, கதிரை என்று தேடி வாங்குவார்கள். வேறு ஒன்றும் நடக்காது. என் வயதுக்கு அதுதான் பொருத்தம். கொலைத் தொடர்களைப் பார்த்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. தேநீர்ச் சாடியின் மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று இரண்டு பேர் கவலைப்படுவதைப் பார்த்தால் இறங்குகிறது.

இந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் அவர்கள் யோர்க்ஷயருக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அங்கேதான் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தோம். கம்பளி ஆலைகள் மூடப்பட்டு, புகைபோக்கிகள் மட்டும் மிஞ்சி நின்ற சின்ன ஊர். நான் அங்கே கணித ஆசிரியர். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை.

திரையில் ஒரு கடையின் பின்சுவரைக் காட்டினார்கள். சட்டம் போட்ட படங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மனைவி எழுந்து போய்த் திரையில் மூக்கு முட்டும் அளவுக்கு நின்றாள்.

"இஞ்சருங்கோ, உதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். "என்னப்பா தேடுறீர்?"

"என்ரை படத்தை."

"எந்தப் படம்?" என்றேன். எந்தப் படம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் என்ன, பீங்கான் பாக்கவே உதுக்கு முன்னால இருக்கிறன்? யோர்க்ஷயர் எண்டு போட்டா நான் பின்சுவரைத்தான் பாக்கிறனான். அவன் வானிலயிருந்து விழுத்தினது ஆரின்டையாவது கையில ஆப்பிட்டிருக்கும். வித்திருப்பினம்."

'அவன்' என்றது, நாங்கள் லண்டனுக்கு மாறியபோது தன் வான் வண்டியில் சாமான் ஏற்றி வந்த தம்பியை. பதினொரு ஆண்டுகளாக அந்தக் குற்றம் அவன் தலையில் இருக்கிறது. அவன் எதையும் விழுத்தவில்லை. அந்தப் படத்தை என் கையால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்.

இதை எழுதுவதற்கு முன் என் கலை அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யோர்க்ஷயரில் நான் கலை தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்தேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பூங்காவில் பித்தளை வாத்தியக் குழு வாசிக்கும். மழை தூறும். சனம் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி கேட்கும். மெதுவாகப் போகும் மெட்டு ஒன்று எந்த ராகத்துக்குக் கிட்ட வருகிறது என்று மனைவிக்கு விளக்குவேன். "பேசாமல் கேளுங்கோ. அந்த மனிசன் ஊதி ஊதி முகம் சிவந்து போய் நிக்கிறான்," என்பாள்.

பக்கத்து ஊரில் ஒரு பெரிய புல்வெளி. வெண்கலச் சிலைகளை அங்கே திறந்த வெளியில் வைத்திருந்தார்கள். சில நிர்வாணமானவை, சிலவற்றில் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வெற்றிடமும் ஒரு வடிவம்தான் என்று நான் விளக்கம் சொன்னேன். அந்நேரம் மழை வந்தது. இரண்டு ஆடுகள் ஓட்டைக்குள் போய் ஒதுங்கின. துணைக்கு வந்திருந்த மனைவி, "ஆட்டுக்கு விளங்கினமாதிரி உங்களுக்கு விளங்கேல்லை," என்றாள்.

அவளைப் புதன்கிழமை ஓவிய வகுப்புக்குக் கூட்டிப் போனவர் பக்கத்து வீட்டுக்காரி. தபால் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பு நூலகத்தின் மாடியில். எல்லோரும் மலையைத்தான் வரைந்தார்கள். இவள் மட்டும், "மலையை எல்லாரும் கீறுகினம். நான் எங்கடை பின்வளவைக் கீறுறன்," என்று தொடங்கினாள்.

முடிந்த படத்தில் மூன்று குப்பைத் தொட்டிகள், நனைந்த கல்மதில், ஒரு துணிக்கொடி. கொடியில் நான் வீட்டில் இடுப்பில் உடுத்தும் நீலக் கட்டம் போட்ட சாரம், காற்று நிரம்பி ஊதிப் போய்ப் பறக்கிறது. அதற்கு மேலே படத்தின் முக்கால்வாசிக்கு வானம். சாம்பல் நிறத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று அந்த வானத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். இதை அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம்.

நூலகத்தில் இரண்டு வாரம் கண்காட்சி. புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசைக்கு மேலே அவளுடைய படம். அதன் கீழே எங்கள் குடும்பப் பெயர். அந்த ஊரில் அவ்வளவு நீளமான பெயர் வேறு யாருக்கும் இல்லை. திங்கட்கிழமை முதலாம் பாடம். நான் இருபடிச் சமன்பாட்டைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்க, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை மிக மரியாதையாகக் கேட்டாள்: "சேர், நூலகத்தில் தொங்குவது உங்கள் பாவாடையா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். நான் திரும்பிச் சமன்பாட்டை எழுதினேன். பிறகு ஓய்வு பெறும்வரை, வெளியே காற்று பலமாக அடித்தால் வகுப்பில் ஒரு சின்ன இருமல் எழும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சாரத்துக்குப் பதிலா ஒரு வெள்ளை விரிப்பைக் கீறியிருக்கலாம்," என்றேன்.

"வெள்ளை விரிப்பு எல்லாற்றை வீட்டிலயும் கிடக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. கேட்டதற்கு ஷிப்ட் மாறிவிட்டது என்றாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. படத்தை அவளே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள்.

நான் ஓய்வு பெற்றதும் லண்டனுக்கு வருவதென்று முடிவானது. மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் மனைவி ஒரு மாதம் முன்னரே வந்துவிட்டாள். சாமான் கட்டும் வேலை என்னுடையது. தினமும் தொலைபேசியில் கட்டளை வரும். கடைசிக் கட்டளை: "மற்றதெல்லாத்தையும் வானில போடுங்கோ. படத்தை மட்டும் மடியில வைச்சுக்கொண்டு வாங்கோ."

"ஓம், ஓம்," என்றேன்.

லண்டன் வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்தேன். சம்பந்தி வீட்டார் வருவார்கள், கோயில் பங்குச் சனம் வரும், வீடு மந்திரிக்கச் சுவாமியார் வருவார். எல்லோரும் கோப்பையோடு உட்கார்ந்து என் சாரத்தைப் பார்ப்பார்கள். அடுத்த நாள் பழைய புத்தகங்களை, சனம் கொடுக்கும் பழைய சாமான்களைத் தருமத்துக்காக விற்கும் தெருமுனைத் தருமக் கடைக்குக் கொண்டுபோனபோது, புத்தகங்களுக்கு அடியில் படமும் போயிற்று. கடையில் இருந்த முதியவர் வெளியே எடுத்துப் பார்த்து, "அருமையான வானம்," என்றார். நான் கதவை நோக்கி நடந்தேன்.

மறுநாள் மனைவியின் தம்பி, என் மைத்துனர், வானோடு வந்தார். அவர் பல ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்து வால்தம்ஸ்டோவில் வீடு மாற்றும் தொழில் செய்கிறவர். ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய எழுத்தில் உள்ளே இருப்பதை எழுதி, கயிறு போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்து, பிறகு இன்னொரு தரமும் இழுத்துப் பார்ப்பவர். லண்டனில் இறங்கியதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "படம் எங்கை?"

"வானில ஏத்தினது," என்றேன். "பின்கதவு வழியில ஒருக்காத் திறந்தது. அதுக்குள்ள விழுந்திட்டுதோ தெரியாது."

மைத்துனர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. அத்தான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கும் மனிதர் அவர்.

நான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை. முதலாவது தவக்காலத்தில் எங்கள் தமிழ்ச் சுவாமியாரிடம் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இதை எனக்குச் சொல்லி என்ன? வீட்டில அவவுக்கெல்லே சொல்லவேணும்." அடுத்த தவக்காலத்திலிருந்து நான் இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருக்கும் ஆங்கிலக் கோயிலுக்குப் போனேன். அங்கே காது மந்தமான ஓர் அயர்லாந்துப் பாதிரியார். படம் ஒன்றைத் தொலைத்துவிட்டேன் என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். பரிகாரம் மூன்று அருள்நிறை மரியே. பத்து ஆண்டுகள் அப்படி ஓடிற்று.

இப்போது முழங்கால் மாடிப்படிக்கு மறுக்கிறது. மகள் தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் கீழ்த்தள வீடு ஒன்று கிடைத்தது. தொலைக்காட்சியில் படம் தேடிய அந்த வாரமே, ஞாயிறு பூசைக்குப் பிறகு மைத்துனர் வந்தார். மீன் கட்லட் பொரித்திருந்தது.

"அக்கா, எப்ப வீடு மாறுறியள்? சனிக்கிழமை எண்டா என்ரை வான் சும்மாதான் நிக்குது."

"உன்ரை வான் வேண்டாம். வேற ஆளைப் பாக்கிறம்."

"ஏன்?"

"உன்ரை வானில ஏத்தினா சட்டனுக்கு அலுமாரி வரும், கதவு வராது."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரிப்பார். நல்ல நாள், பெருநாள், யாருடைய பிறந்தநாள் என்றாலும் அவள் ஒன்று சொல்லுவாள், அவர் சிரித்துவிட்டுப் போவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினொரு வருசம், அக்கா. இன்னும் எத்தினை வருசம் சொல்லப்போறியள்? எனக்கு ஏலாது. இனி நான் இஞ்ச வரேல்லை." எழுந்து ஜக்கெட்டை எடுத்தார்.

மனைவி இதை எதிர்பார்க்கவில்லை. கரண்டியோடு வாசலில் நின்றாள். அவளுக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே சகோதரன். அவர் ஒரு கையை ஜக்கெட்டில் நுழைத்திருந்தார். மற்றக் கையை நுழைத்தால் போய்விடுவார்.

"தம்பி, இரும்," என்றேன். "படம் உம்மடை வானில ஏறவே இல்லை. நான்தான் தருமக் கடையில குடுத்தனான்."

மைத்துனர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அத்தான், நான் அடுத்த நாள் திரும்பிப் போனனான்."

"எங்கை?"

"மோட்டர்வேயில. நாங்கள் தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டின இடம் வரைக்கும். அங்க விசாரிச்சனான். பத்தைக்குள்ளயும் பாத்தனான். நீங்கள் சொன்னபடியா, நான்தான் கதவைச் சரியாப் பூட்டேல்லை எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதவை மூண்டு தரம் இழுத்துப் பாக்கிறனான்."

அவர் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவர் என்று எழுதினேன். மூன்றாவது தரம் நான் கொடுத்தது.

மனைவி என்னிடம் ஒரே ஒரு சொல் கேட்டாள். "ஏன்?"

"பள்ளிக்கூடத்தில சிரிச்சவங்கள். வெக்கமாப் போச்சு."

"ஓட்டை விழுந்த வெண்கலத்துக்கு முன்னால நிண்டு ஒரு மணித்தியாலம் கதைக்க வெக்கமில்லை."

பிறகு தம்பியின் ஜக்கெட்டை வாங்கிக் கதிரையில் போட்டாள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய தட்டில் கட்லட் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. "ஆறப்போகுது. தின்னடா," என்றாள். என் தட்டு வெறுமையாக இருந்தது, அது நியாயம்.

மூன்று வாரம் அவள் என்னிடம் நேரே பேசவில்லை. எனக்குச் சொல்லவேண்டியதைத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னாள். "கவுன்சில் கடிதம் மேசையில கிடக்கு." பழஞ்சாமான் வாங்கும் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். நான் யோர்க்ஷயரில் இருக்கும் அந்தத் தருமக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்த பெண் அங்கத்து வழக்கப்படி என்னை 'லவ்' என்று அழைத்து, "பதினொரு வாரம்கூட ஒன்றையும் வைத்திருக்க எங்களுக்கு இடமில்லை, லவ்," என்றாள். பழைய பக்கத்து வீட்டுக்காரிக்கும் எழுதினேன். அவர் நூலகத்தில் விசாரித்து, படம் அங்கும் இல்லை என்று பதில் எழுதினார். கடைசி வரியில், அதை விற்பதானால் தானே வாங்கியிருப்பேன் என்று சேர்த்திருந்தார். அந்தக் கடிதத்தை மனைவிக்கு முன்னால் வைத்தேன். வாசித்தாள். மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அந்த நீலச் சாரம் கிடக்கோ?"

அது கிழிந்து, மேசை துடைத்து, எப்போதோ போய்விட்டது. பச்சைக் கட்டம் போட்டது ஒன்று இருந்தது. அதைத் தோய்த்துப் பின்பல்கணியில் போடச் சொன்னாள். பேரப்பிள்ளையின் வர்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உவ்வளவு பெரிய வானம் இஞ்ச இல்லையே," என்றேன்.

"இருக்கிறதைக் கீறுறன். நீங்கள் தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள்."

இது பழைய படம் இல்லை. சிவப்பு ஓட்டுக் கூரைகள், சட்டலைட் தட்டுகள், தூரத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், இரண்டு சுவருக்கிடையில் ஒரு துண்டு வானம். சாரம் முன்னையைவிடப் பெரிதாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன். நல்ல படம். இந்த முறை அதை வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும்," என்றாள். யோர்க்ஷயர் வானம் வராது. இப்போதும் நான்கு மணிக்கு அவள் பின்சுவரைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை வீடு மாறினோம். மைத்துனரின் வான்தான். முன்னால் மூன்று இருக்கை. அவர் ஓட்ட, மனைவி நடுவில், நான் ஜன்னலோரம். என் மடியில் புதிய படம்.

"படத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடியுங்கோ," என்றாள். "சனம் பாக்கட்டும்."

திருப்பினேன். சுரங்கப்பாதை வாசலில் நெரிசல். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் மேல்தட்டில் ஒரு வரிசை முழுவதும் என் சாரத்தைப் பார்த்தது. ஒரு பெண் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். என் காது சுட்டது, ஆனால் கையை எடுக்கவில்லை.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மைத்துனர் வானை நிறுத்திவிட்டு, அக்காவுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அத்தான், படம் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

கிழக்கு லண்டனிலிருந்து சட்டனுக்கு எத்தனை சிவப்பு விளக்கு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.