பார்ட்டி வந்தால் காலியாகும் அறை

சோஷியல் ஒர்க்கர் என்றால் வெள்ள நிவாரணம் கொடுப்பவர், முதியோர் பென்ஷனுக்கு அலைந்து திரிபவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீடியோ காலில் குடும்பக் கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே மனநலம் படித்த சோஷியல் ஒர்க்கர்கள் இருக்கிறார்கள் என்று மனைவி சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வளைகுடாவில் நர்ஸ். அங்கிருந்தபடியே நேரம் குறித்து, லிங்க்கையும் அனுப்பிவிட்டாள்.

"ஒரு தடவ பேசித்தான் பாருங்களேன்" என்றாள்.

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு நான் பேசிய ஒரே ஆள் அவள்தான். வண்டிக்கும் வாடகை அறைக்கும் வரும் பார்ட்டிகளிடம் பேசியதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

விஷயம் இதுதான். என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குக் கிளம்புவதில்லை, வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வகுப்பு டீச்சர் போன் செய்தார். கேட்டதற்கு, "சும்மாதாம்ப்பா" என்றாள். சில நாள் கழித்து, ப்ளஸ் ஒன்னுக்கு மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொன்னாள். என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. மனைவி இல்லாத வீட்டில் இவளும் இல்லையென்றால் நான் யாருக்காகச் சோறு வடிப்பது? இவளை எப்படியாவது இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் லிங்க்கைத் தொட்டேன்.

கொடைக்கானலில் எங்கள் தெரு முழுக்க வீடுகளில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள்தான். நானும் டாக்ஸி ஓட்டிக்கொண்டு அதைத்தான் செய்கிறேன். ஓர் அறையில் புது மாப்பிள்ளை பெண், இன்னொன்றில் ஈரோட்டுக் கல்லூரிப் பையன்கள் என்று இருக்கும் வீட்டில் எங்கே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவது? ஏரிக்கு மேலே ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன்.

கோயம்புத்தூரில் இருந்து பேசிய மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. அவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, பில்லர் ராக்ஸ் போவீங்களா?" என்றார். "வண்டி வராதுங்க, நான் கொஞ்சம் சோலியா இருக்கேன்" என்றேன். மேடம் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு பேச்சு கொஞ்சம் இலகுவானது.

"ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்தா, பொண்ணு எங்க உட்காருவாங்க சார்?"

பெருமையாகவே சொன்னேன். எங்கள் தெருவின் வழக்கம் அது. சீசனிலும் லீவு நாட்களிலும், ஏன், கூட்டம் வந்தால் வார நாளிலும் சொந்த அறையையும் பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் அடுப்படியிலோ சாமான் அறையிலோ படுத்துக்கொள்வோம். என் வீட்டில் மகளின் அறைக்குத்தான் கிராக்கி. அதன் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு.

"ஒரு போன் போட்டாப் போதும் மேடம். நான் பார்ட்டியக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள துணிமணி, புக்கு எல்லாத்தையும் சூட்கேஸ்ல அள்ளிப் போட்டு, புது பெட்ஷீட் விரிச்சு, வெரசா ரெடி பண்ணி வச்சிரும். ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது. தங்கம்."

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "யார் வந்தாலும் எடுக்காம, அந்த ரூம்ல அப்படியே இருக்கிற மாதிரி அவங்களோட பொருள் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

"சிக்னல் விட்டுவிட்டு வருது மேடம்" என்று சொல்லிக் கட் செய்தேன். சிக்னல் அன்றைக்குப் பார்த்து அருமையாக இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கீழே ஊரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு, சீசனில் சம்பாதித்து வருடம் பூராவும் சாப்பிடுகிறவன் பாடு என்ன தெரியும்? வந்தாரை வாழவைக்கும் ஊர் என்றால் இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தானே படுக்க வேண்டும்? வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து வாதாடி ஜெயித்தேன். ஆனால் எதிரில் ஆளில்லாமல் ஜெயிப்பதில் ஒரு சுகமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மகளின் அறைக்கு வந்தது. அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, யூனிஃபார்மோடு தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே டிவி சத்தம். தட்டுவதற்குக் கையை ஓங்கினாள், இறக்கினாள், பிறகு மெதுவாகத் தட்டினாள்.

"எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி, டேபிள்ல என் ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கும்."

அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து எடுத்துக் கொடுத்தார். "ஸ்கூல் போக மிச்ச நேரம் நீ இங்க வேலை பாக்குறியாம்மா?"

"ஆமா ஆன்ட்டி" என்றாள் என் மகள். பார்ட்டியிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று நான் பழக்கியிருந்த அதே சிரிப்போடு சொன்னாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கேனைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். மனைவிக்குப் போன் செய்யலாம் என்றால் அவள் டூட்டியில் இருந்தாள். மேடத்தைத்தான் மறுபடியும் பிடித்தேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை.

"இத உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு மேடம் சொல்றது?"

"என்கிட்ட சொன்னதையேதான்."

அந்தக் குடும்பம் கிளம்பியதும் அந்த அறையை புக்கிங் ஆப்பிலிருந்து எடுத்தேன். மகள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, படியில் நின்று பார்த்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "இனிமே அந்த ரூம் ஒனக்குத்தான் பாப்பா."

"சீசன்லயுமா?"

"சீசன்லயும்."

"தேங்க்ஸ்ப்பா" என்றாள். பார்ட்டி டிப்ஸ் கொடுத்தால் நான் சொல்லும் தேங்க்ஸ் அப்படித்தான் இருக்கும்.

பரீட்சை முடியும்வரை அந்த அறையில்தான் இருந்தாள். பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தாள். நான் துணி மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தேன், அலமாரி வாங்கிப் போட்டேன். அலமாரி காலியாகவே இருந்தது. துணியைத் துவைத்து, காயவைத்து, மடித்து, மறுபடியும் சூட்கேஸில்தான் வைத்தாள். "அவசரப்படுத்தாதீங்க சார்" என்றார் மேடம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ரிசல்ட் வந்த பிறகு மறுபடியும் ஹாஸ்டல் என்றாள். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை. வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குக் கூட்டிப் போனேன். பெரிய ஹாலில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். அவளுக்குச் சுவரோரக் கட்டில் கிடைத்தது. திரும்பி மலையேறும்போது, பக்கத்து சீட்டில் ஆளில்லாமல் வண்டி ஓட்டுவது எனக்குப் புதிது போல இருந்தது.

இப்போது வீடு நிறைய ஆட்கள், எனக்கென்று ஒருவரும் இல்லை. பூட்டியிருக்கும் அறையைக் காட்டிப் பார்ட்டிகள் கேட்டால், "அதுல ஆள் இருக்குங்க" என்கிறேன். மேடம் இப்போது என் மகளைப் பற்றிக் குறைவாகவும் என்னைப் பற்றி அதிகமாகவும் கேட்கிறார். ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் சில நாள் பொய் சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேச விடுவார்கள். போன ஞாயிறு, ஆயுத பூசை லீவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். விட மனசில்லாமல், "அம்புட்டுப் பேரு ஒரே ஹால்ல கெடக்கீங்களே, ஒனக்குத் தூக்கமாவது வருதா பாப்பா?" என்றேன்.

என்மேல் வருத்தம் எதுவும் அவள் குரலில் இல்லை. ஊர் விஷயம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நல்லா வருதுப்பா. இங்க என் கட்டில்ல வேற யாரும் படுக்க மாட்டாங்க."