எந்தப் பக்கம் சாயும் கோடு

தேர்வு அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டக்கா என்றுதான் பெயர். நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்களுக்கும் நுழைவுச்சீட்டு அச்சிடுவது அவள் பொறுப்பு. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, நாற்பத்தொன்றாம் வயதில் வேலைக்கு வந்தவள். கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நாத்தனார்தான். இருவரும் துணி மடித்துக்கொண்டே படித்த படிப்பு அது. "தப்பாப் போட்டா அது ஒண்ணும் கடிச்சிடாது அண்ணி" என்பாள்.

அன்று மூன்று மணிக்குள் சீட்டுகள் வகுப்புகளுக்குப் போயாக வேண்டும். நிரலை ஓட்டினாள். ஒரு சீட்டும் வரவில்லை. நூற்று முப்பத்தேழாம் வரியில் பிழை என்றது திரை. அந்த வரியில் ஒரு மாணவியின் பெயர். அதன் நடுவே ஒற்றை மேற்கோள் குறி.

"அந்தக் குறிய எடுத்துட்டு அடிங்கக்கா. மூணு மணிக்கு வரலேன்னா நம்ம சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் பக்கத்து மேசை எழுத்தர்.

"போன வருஷம் அப்படித்தான் எடுத்தாங்க. அடையாள அட்டையோட பேர் ஒத்துப்போகலன்னு இந்தப் பொண்ண வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் வீணாப் போச்சு அதுக்கு."

நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பேரையெல்லாம் ஒத்த மேற்கோளுக்குள்ளதான வெச்சிருக்கீங்க? நடுவுல அதே குறியப் பாத்ததும் பேர் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்குது. குறிக்கு முன்னாடி ஒரு சாய்கோடு போடுங்க. இதுவும் பேர்ல சேர்ந்ததுதான்னு புரிஞ்சுக்கும்."

போட்டாள். மறுபடி அதே பிழை.

"அசைய மாட்டேங்குதுடி!"

"கோடு எந்தப் பக்கம் சாயுது?"

"அதுல பக்கம் வேறயா?" தேதி எழுதும்போது இடையில் போடுகிற கோட்டைத்தான் அவள் போட்டிருந்தாள்.

"அது முன்னால சாயறது அண்ணி. நமக்குப் பின்னால சாயறது வேணும். எங்கண்ணன் சாப்பிட்டுட்டு சோபால சாயுமே, அந்த மாதிரி."

சிரித்துக்கொண்டே மாற்றினாள். அச்சுப்பொறி கடகடவென்று ஓடத் தொடங்கியது. நூற்று முப்பத்தேழாவது சீட்டை மட்டும் உருவி எடுத்துப் பார்த்தாள். சாய்கோடு அச்சில் வரவில்லை. பெயர் குறியோடு முழுதாக வந்திருந்தது.

அதைத் தானே வகுப்புக்குக் கொண்டுபோனாள். அந்தப் பெண் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கு மேடம்" என்றாள். இரண்டையும் சேர்த்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

சீட்டக்கா தாழ்வாரத்தில் நின்று மறுபடி நாத்தனாரை அழைத்தாள்.

"என்ன அண்ணி, திரும்பவும் நின்னுடுச்சா?"

"இல்லடி. நீ இவ்வளவு கத்துக்குடுத்ததுக்கு, நான் இதுவரைக்கும் உனக்கு ஒரு வார்த்தை…"

"கேட்டுடுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். "போய் மிச்சச் சீட்டக் குடுங்க, மணியாச்சு."