எங்கள் வீட்டுத் தொலைபேசியில் காவல் நிலையம்

ஷார்ஜாவில் மகன் வீட்டுக்கு வந்து தங்கும்போதெல்லாம் என் கைபேசிக்கு விற்பனைக்காரர்களின் அழைப்புகள் ஓயாமல் வரும். கிரெடிட் கார்டு வேண்டுமா, இன்னும் அஸ்திவாரமே போடாத கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வேண்டுமா என்று கேட்பார்கள். விசிட் விசாவில் வந்திருக்கும் கிழவனுக்கு எந்த வங்கியும் கார்டு தராது. இருந்தாலும் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று பணிவாகச் சொல்லித்தான் வைப்பேன்.

"பிளாக் பண்ணுங்க வாப்பா. இவங்ககிட்ட என்ன பேச்சு" என்பான் மகன்.

பண்ணியதில்லை. காரணத்தை அவனிடம் சொன்னதும் இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது நாங்கள் குவைத்தில் அப்பாசியாவில் குடியிருந்தோம். வாப்பா மின்சாதனக் கடை ஒன்றில் விற்பனையைக் கவனித்துவந்தார். கடையின் கஃபீல், அதாவது எங்கள் விசாவுக்குப் பொறுப்பான குவைத்தி முதலாளி, மனது வைத்ததால் எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு தொலைபேசி கிடைத்தது. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை வாப்பாவோடு கடைத்தெருவுக்குப் போய்வருவதைத் தவிர உம்மா படியிறங்கியதில்லை. ஊரில் ஒரு தெரு முழுக்கச் சொந்தக்காரர்களோடு வளர்ந்தவள், அங்கே ஜன்னல் ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

தொலைபேசி வந்ததும் விற்பனைக்காரர்களும் வந்தார்கள். டைரக்டரியில் இந்தியப் பெயர்களாகப் பார்த்துச் சுழற்றுவார்கள். தண்ணீர் வடிகட்டி, இன்சூரன்ஸ், கார்ப்பெட் சலவை. அவர்களில் ஒரு பெண் மட்டும் தமிழில் பேசினாள். கும்பகோணம் பக்கத்துக்காரி. ஊரிலிருந்து லீவு முடிந்து வருகிறவர்கள் மூலம் சேலையும் நைட்டியும் வரவழைத்து, போனிலேயே ஆள் பிடித்து விற்றாள். அவள் கணவர் டியூட்டி முடிந்து வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

உம்மா அவளிடம் ஒரே ஒரு நைட்டி வாங்கினாள். ஆனாலும் அந்தப் பெண் பகலில் தினமும் கூப்பிட்டாள். இவள் "தங்கச்சி" என்பாள். அவள் "அக்கா" என்பாள். பேச்சு நைட்டியில் தொடங்கி, பிள்ளைப் பேற்றுக்குப் போய், சமையலில் முடியும். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தன் நம்பரை மட்டும் அவள் தரமாட்டாள். "நானே பண்றேங்க்கா, அதான் நல்லது" என்பாளாம்.

வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கடையிலிருந்து கூப்பிட்டால் லைன் எப்போதும் எங்கேஜ். "கஃபீல் போன் குடுத்தது கடை விஷயத்துக்கு. சேலைக்காரி குடும்பக் கதை சொல்றதுக்கா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். உம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

வழி கண்டுபிடித்தவர் சாச்சா. வாப்பாவின் தம்பி, எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டு ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டினார். அவருடைய அரபியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குவைத்திக்காரர் பேசுவதாகவே தோன்றும். விற்பனை அழைப்பு வந்தால் எடுத்து, கனத்த குரலில் "மக்ஃபர்" என்பார். காவல் நிலையம் என்று அர்த்தம். மறுமுனையில் பேச்சு நின்று, போன் வைக்கப்படும் சத்தம் கேட்கும்.

பள்ளி விடுமுறையில் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த வயது. "தொண்டையிலிருந்து வரணும்டா. இட்லி தின்ன வாயாட்டம் பேசாதே, குபூஸ் ரொட்டி தின்ன வாயாட்டம் பேசு" என்று கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினார். இரண்டு நாளில் தேறிவிட்டேன். தண்ணீர் வடிகட்டிக்காரரை நான் விரட்டியபோது சாச்சா ஷவர்மா வாங்கிக் கொடுத்தார். வாப்பாகூடச் சிரித்தார்.

அந்த வாரம் உம்மா அந்தப் பெண்ணுக்கு வட்டலப்பம் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அவளுக்கு அது இறுகவில்லை. எங்கே தவறு என்று உம்மா விசாரித்து, தேங்காய்ப்பாலைக் குறைத்து, மூடிக்குத் துணி கட்டி அவிக்கச் சொன்னாள். "நாளைக்கு ஆக்கிட்டுச் சொல்லு தங்கச்சி" என்று வைத்தாள்.

மறுநாள் உம்மா லுஹர் தொழுகையில் இருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். "அக்கா" என்ற குரல் கேட்டது. அவள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே "மக்ஃபர்" என்றேன். அவள் வைக்கவில்லை; தவறான எண்ணோ என்று திகைத்திருப்பாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாச்சா சொல்லித் தராததையும் சேர்த்துக்கொண்டேன். "வேன் இகாமா?" என்று அதட்டினேன். அங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டான இகாமா எங்கே என்று கேட்பது அந்த ஊர்ப் போலீஸ்காரர் வாயில் முதலில் வரும் கேள்வி.

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அரைகுறை இந்தியிலும் தமிழிலுமாக, "சாப், ராங் நம்பர் சாப். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது சாப்" என்றாள். லைன் அறுந்தது.

கணவனின் விசாவில் வந்த பெண் அங்கே வியாபாரம் செய்யக் கூடாது. பிடிபட்டால் இரண்டு பேரையும் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். சாச்சாவின் தந்திரம் ஏன் பலித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பலித்தது, அவ்வளவுதான்.

உம்மா தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே, "யாருடா போன்ல?" என்றாள்.

"ராங் நம்பர்."

அன்று மாலைவரை உம்மா போனுக்குப் பக்கத்திலேயே அரிசி புடைத்தாள், துணி மடித்தாள். அதற்கு மறுநாளும் அது அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பாள். "வட்டலப்பம் இறுகிச்சோ என்னவோ" என்று ஒருமுறை தனக்குத்தானே சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட உம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. யாரிடம் போய் விசாரிப்பது?

லைன் இப்போது உடனே கிடைக்கிறது என்று வாப்பாவுக்குத் திருப்தி. அந்தப் பெண் பிறகு கூப்பிடவே இல்லை. அவள் குடும்பம் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள் மௌத்தாகும்வரை சொல்லவில்லை.

குளிர்காலம் தொடங்கியபின் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தேன். உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். அருகில் போனபோது மறுமுனைப் பேச்சு எனக்கும் கேட்டது. யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் கார்ப்பெட் சலவையைப் பற்றி விடாமல் விவரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கார்ப்பெட் கிடையாது. உம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது. அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் "யெஸ்" என்றாள். அவர் மறுபடி தொடங்கினார்.

"குடுங்க உம்மா, நான் மக்ஃபர்னு சொல்லிடுறேன்" என்று கை நீட்டினேன்.

உம்மா என் கையைத் தள்ளிவிட்டு, ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

சாச்சா டியூட்டி முடிந்து வந்ததும் இதைச் சொல்லிச் சிரித்தேன். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாததால், பேச்சை எப்படி முடித்துப் போனை வைப்பது என்று தெரியவில்லை என்றேன். அப்படித்தான் நம்பினேன்.