ரோசாச் சாடிக்கு வைத்த உரம்

மண் முட்டியின் மூடியைத் திறந்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. உள்ளே மீன் தலைகள் கிடந்தன. இணுவிலில் எங்கள் வீட்டுப் படலைக்குள் அதுவரை மீன் வந்ததில்லை.

குஞ்சியப்பு, அதாவது ஐயாவின் கடைசித் தம்பி, கல்யாணம் முடித்த மூன்றாம் மாதமே உத்தியோகத்துக்காக மலாயாவுக்குக் கப்பலேறினார். போகுமுன் மனைவி குஞ்சாச்சிக்கு நான்கு சாடிகளில் ரோசாக் கன்று நட்டுக் கொடுத்தார். குஞ்சாச்சி கரவெட்டிக்காரர், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவர்கள் வீட்டில் மச்சம் சாப்பிடுவார்கள். எங்களுக்கு மீனும் இறைச்சியும் ஆகாது. இரண்டையும் அடியோடு விடுவதாக அவர் சம்மதித்த பிறகுதான் ஐயா கல்யாணத்துக்கு நாள் பார்த்தார். மீறினால் தாய்வீடுதான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

ஒரு வருடம் வெறும் இலைதான். மாரி கழிந்ததும் நான்கு சாடிகளும் மொட்டு விட்டன. பூ ஒவ்வொன்றும் என் பொத்திய கை அளவு. தினமும் முழுகிவிட்டு முதற்பூவை ஐயாவே பறித்துச் சாமிப் படத்துக்கு வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கந்தசுவாமி கோயிலுக்கும் கொண்டுபோனார். என்ன உரம் என்று கேட்டவர்களுக்கு, "கடலைப் புண்ணாக்கும் வாழைப்பழத் தோலும் ஊறவிட்ட தண்ணிதான்" என்பார் குஞ்சாச்சி.

அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வளவு மாமி ஒருநாள் வந்தார். "எங்கடை ரோசாக் கண்டெல்லாம் பட்ட தடி மாதிரி நிக்குது. உந்தத் தண்ணியிலை ஒரு சிரட்டை கொண்டுவா பிள்ளை" என்றார் என்னிடம்.

குஞ்சாச்சி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டின் பின்பக்கம், கோடிப்புறம் ஓடினேன். புண்ணாக்கு முட்டி பாரமாக இருந்தது. அதன் பின்னால், ஓலைக்குள், சின்ன முட்டி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவந்து ஐயாவின் சாய்மனைக் கதிரைக்கு முன்னால் வைத்துத் திறந்தேன்.

மாமி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். ஐயா எழுந்தார்.

"உது என்ன?"

ஈரக் கையோடு ஓடிவந்த குஞ்சாச்சி, வழக்கம்போல ஐயாவுக்கு நேரே பதில் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னார். "ரோசாவுக்குப் போடத்தான் அக்கா. மீன்காரியிட்டை வாங்கினது."

"உதிலை பூத்ததையோ நான் இவ்வளவு நாளும் சாமிக்கு வைச்சனான்?" ஐயாவின் குரல் உயரவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. "நாளைக்கே கரவெட்டிக்கு ஆள் அனுப்பிறன்."

அம்மா குனிந்து முட்டிக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து மூடினார்.

"நான்தான் வாங்கிப் போடச் சொன்னனான். கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவியுங்கோ."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. மீன் தலைகளைக் கண்டதைவிட அது என்னைத் திடுக்கிட வைத்தது.

ஐயா அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. கரவெட்டிக்கு ஆளும் போகவில்லை. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சாடிகளை வேலியோரம் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் அவை பூத்துக்கொண்டுதான் இருந்தன.

முட்டிக்குள் இருந்தவை இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. தலைகள், நடுமுட்கள். முள்ளில் சதை ஒட்டியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருந்தது. ஒரு தலையில் கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. அந்த நாற்றத்துக்குள்ளும் புளியும் வெந்தயமும் மணத்தன. அம்மா கண்டதையெல்லாம் நானும் கண்டேன். ரோசாவுக்கு எதற்குப் புளியும் வெந்தயமும் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.